வாசலில் விளக்கோடு நின்றவளைப் பற்றி

அன்புள்ள மதினி,

நேற்று உங்களுக்கு இரண்டாவது திதி. அம்மா தலைவாழை இலை போட்டு முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அதிரசம், வாழைப்பழம், சீவிய இளநீர் என்று வரிசையாக வைத்தாள். ஓரத்தில் ஒரு பாட்டில் கலர் சோடாவும் இருந்தது. கடைசி வருஷத்தில் டாக்டர் உங்களுக்கு எதையெல்லாம் கூடாது என்று எழுதிக் கொடுத்தாரோ, அதெல்லாம் அப்படியே இலைக்கு வந்திருந்தது. அண்ணன் இலையைப் பார்த்தான். "இப்பச் சாப்பிடச் சொல்லு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

போனவர் ஆசைப்பட்டுக் கேட்டதை இலையில் வைப்பதுதானே நம் வழக்கம். நீங்கள் கேட்டதில் ஒன்று இலையில் வைக்கிற பொருளாக இல்லை. "அந்தப் புள்ள என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். மாவு ஆட்டும்போது கேட்டீர்கள், மதுரை பஸ்ஸில் கேட்டீர்கள். அதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுதி எந்தப் பெட்டியில் போடுவாய் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வேறு யாராவது எடுத்துப் படித்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பம் மெயின் ரோட்டில் என் அண்ணனுக்கு போட்டோ ஸ்டுடியோ. முன்னறையில் படம் எடுப்பான், பின்னறையில் நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வேன். நீங்கள் கெங்குவார்பட்டியிலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு வந்த மூன்றாவது மாதம் பின்னறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பொருத்திக் கொடுத்தவர் போகிற போக்கில் ஒரு விளையாட்டையும் ஏற்றிவிட்டு, அதன் சிடியை மேசையிலேயே விட்டுப் போனார். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை கம்பத்தில் எவரும் போட்டோ எடுக்க வருவதில்லை. வெயிலில் வியர்த்த முகத்தோடு படம் எடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? அந்த இரண்டு மணி நேரம் நமக்கு என்று ஆனது.

ஆசாரி செய்து கொடுத்த மேசை நல்ல நீளம். நடுவில் ஸ்கேனர் உட்கார்ந்திருந்தது, அதை நகர்த்தினால் அண்ணன் கத்துவான். அதனால் கீபோர்டு இடது கோடிக்கும் மவுஸ் வலது கோடிக்கும் போய்விட்டன. கீபோர்டு பக்கம் நான் உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்த நீங்கள் மவுஸ் பக்கம் உட்கார்ந்தீர்கள். அம்புக்குறியை அழுத்தினால் ஆள் நடப்பான். மவுஸைத் திருப்பினால்தான் அவன் பார்க்கிற திசை மாறும், அதன் பொத்தானைத் தட்டினால்தான் கத்தி வீசுவான். ஆக, நடப்பது நான், பார்ப்பதும் வெட்டுவதும் நீங்கள். ஒருவர் தனியாக ஆட வேண்டிய ஆட்டம் அது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏ புள்ள, நில்லு நில்லு. நான் இன்னும் பாக்கல."

"நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள அவன் வெட்டிருவான் மதினி."

"வெட்டட்டும். எங்கிட்டிருந்து வாரான்னு தெரிஞ்சாத்தான நான் திருப்பி வெட்ட முடியும்?"

இந்தச் சண்டை தினமும் நடக்கும். பள்ளத்துக்கு முன்னால் வந்து நிற்பேன், நீங்கள் மேலே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விழுவோம். யார் தப்பு என்று பேசித் தீர்ப்பதற்குள் மணி நான்காகிவிடும்.

கதை பெரிய கதை இல்லை. ஒரு ஊரின் மணியைக் களவாடி மலைக்கோட்டையில் வைத்திருக்கிறார்கள். அதை மீட்க அண்ணனும் தங்கையும் புறப்பட்டு வருகிறார்கள். கோட்டை வாசலில் அண்ணன் தங்கையை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போகிறான். அவள் கையில் ஒரு விளக்கு. "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் பேசுவாள். அதற்கப்புறம் ஆட்டம் முழுக்க அவன்தான்.

அவனுக்குக் கூடலூரான் என்று பெயர் வைத்தது நீங்கள். என்னைப் பெண் பார்த்துவிட்டு ஜாதகம் சேரவில்லை என்று சொல்லியனுப்பிய கூடலூர் மாப்பிள்ளையின் சாடை அவனுக்கு இருந்ததாம். சாடையும் இல்லை ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கும் முடி நீளம், அவ்வளவுதான். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. கூடலூரான் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும், "விட்டது சனி" என்று சொல்லி எனக்கு ஆறுதலாகக் கை தட்டுவீர்கள். சனீஸ்வரன் கோயில் இருக்கிற குச்சனூருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் இப்படிச் சனியை வைத்து விளையாடக் கூடாது என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள்.

நான்கு மாதம் ஆடி முடித்தோம். மேற்குக் கதவு ஞாபகம் இருக்கிறதா? பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. சுவரெல்லாம் தட்டி, தரையெல்லாம் தட்டி, மூன்று நாள் அதன் முன்னால் கிடந்தோம். ஒரு மத்தியானம் தானாகத் திறந்தது. நீங்கள் சரியான கல்லைத் தட்டியதால்தான் என்று நீங்களும், நான் சரியான இடத்தில் நின்றதால்தான் என்று நானும் இரண்டு வாரம் பெருமை அடித்துக்கொண்டோம். இப்படி மூன்று கதவுகள் திறந்தன.

கடைசியில் கூடலூரான் மணியை அடித்தான். கோட்டைக்குப் பின்பக்கமாக ஒரு படகில் ஏறினான். பாட்டு வந்தது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நான் எழுந்துவிட்டேன். நீங்கள் எழவில்லை.

"அந்தப் புள்ள?"

"எந்தப் புள்ள?"

"வாசல்ல நிக்கச் சொன்னானே, அவன் தங்கச்சி. அதைக் கூப்பிடாம இவன் பாட்டுக்குப் படகுல போறான்?"

பெயர்கள் ஓடி முடியும்வரை இருந்து பார்த்தோம். மறுநாள் மறுபடியும் கடைசிக் கட்டத்தை ஆடிப் பார்த்தோம். அவள் வரவில்லை. நீங்கள் அதை ஆட்டத்தில் உள்ள ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குடும்பத்தில் நடந்த அநியாயமாக எடுத்துக்கொண்டீர்கள். "இங்கேயே இருக்கேன்னு சொன்ன புள்ளைய அங்கனயே விட்டுட்டு வந்துட்டான். அது சாப்பிட்டுச்சோ என்னமோ" என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னீர்கள். ஏதோ சொந்தக்காரர் வீட்டு விஷயம் என்று நினைத்து அம்மாவும் உச்சுக் கொட்டினாள்.

பிறகு உங்களுக்குக் கிட்னி கெட்டது. அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுத என்ன இருக்கிறது? முதலில் வாரம் ஒரு நாள் மதுரையில் டயாலிசிஸ், அப்புறம் இரண்டு நாள். விடிகாலை பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவோம். அண்ணனுக்கு முகூர்த்த நாட்களில் வேலை இருக்கும், அதனால் பெரும்பாலும் துணைக்கு நான்தான். நாளைக்கு இத்தனை டம்ளர் என்று உங்களுக்குத் தண்ணீர் அளந்து கொடுத்ததும் நான்தான். கண்டிப்பாக இருந்தேன். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்படி ஒரு நாள் மதுரையில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது, பிளாட்பாரத்தில் சிடி பரப்பி வைத்திருந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

"ஏ புள்ள, இங்கன பாரு. நம்ம வாசப்புள்ள."

அவள்தான். அட்டையில் கையில் விளக்கோடு நின்றாள். நகல் எடுத்த அட்டை, சாயம் மங்கியிருந்தது. அப்படியும் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டீர்கள். வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். உசிலம்பட்டி வரும்வரை நான் அட்டையைப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் முதல் ஆட்டத்தின் பெயர், அதன் கீழே 'எக்ஸ்பான்ஷன்' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. பஸ் குலுங்கியது, நான் படிக்கவில்லை.

படிக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். நான்தான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவளாயிற்றே. கோர்ஸில் கூடப் படித்த ஒருத்தியிடம் இப்படி ஒரு சிடி இருந்தது. முதல் ஆட்டம் கம்ப்யூட்டரில் இல்லாமல் அது ஓடவில்லை. ஒரு சோற்றைப் பதம் பார்த்தவள் ஊர்ப் பானைக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னேன்.

"இது அந்த ஆட்டத்தோட ஒட்டு மதினி. மொத ஆட்டம் உள்ள இருந்தாத்தான் இது ஓடும்."

"நம்ம கம்ப்யூட்டர்லதான் அது இருக்குல்ல?"

இல்லை. முந்தின தை மாதம் ஆல்பத்துக்கு இடம் போதவில்லை என்று அண்ணன் அதை அழித்திருந்தான். சிடி இருந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் சிடியைத் தேடினோம். அலமாரியில் இல்லை, மேசையில் இல்லை. அய்யா, அதாவது என் அப்பா, வெற்றிலையை மென்றுகொண்டே நாம் தேடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இம்புட்டுத் தேட்டம்? அந்த மூலைல கெடந்த தட்டா? அத அப்பவே தோட்டத்துல கட்டிட்டேனே."

திராட்சை பழுக்கிற சமயத்தில் கிளியும் மைனாவும் பந்தலை விட்டு நகராது. பழைய சிடியைக் கட்டித் தொங்கவிட்டால் வெயில் பட்டு மின்னும், பறவை வராது என்று சுருளிப்பட்டிப் பக்கம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் படங்களைப் பதியும்போது கெட்டுப்போன சிடிகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைப்போம். அய்யா பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். நம்முடையது அதில் எப்படிப் போனது? மேசையைத் துடைக்கும்போது நான்தான் எடுத்து அந்தப் பெட்டியின் மேல் வைத்திருப்பேன். வேறு யார் அந்த மேசையைத் துடைக்கிறார்கள்?

மறுநாளே தோட்டத்துக்குப் போனோம். வேண்டாம் என்று சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற இடது கையால் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அதை மார்போடு வைத்துக்கொண்டு, கல்தூண்களுக்கு நடுவில் குனிந்து நடந்தீர்கள். தலைக்கு மேல் திராட்சைக் குலைகள், பந்தலோரக் கம்பியெல்லாம் சிடிகள். அறுபது எழுபது இருக்கும். ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்தி எழுத்தைப் பார்க்க வேண்டும். காற்றடித்தால் எல்லாம் ஒரே சமயத்தில் சுற்றிக் கண்ணைக் கூசச் செய்யும்.

"ஏத்தா, வெயில்ல நிக்காத. ஒங்க தட்டுன்னு எனக்கு என்ன தெரியும்? எல்லாம் ஒரே மாதிரித்தான இருக்கு" என்று அய்யா பின்னாலேயே வந்தார்.

"நீங்க பேசாம இருங்க மாமா. கெட்டுப்போன தட்டுக்குத்தான கிளி பயப்படும், நல்ல தட்டுக்குப் பயப்படுமா?" என்று நீங்கள் சொன்னதும் அய்யாவே சிரித்துவிட்டார்.

கண்டுபிடித்தது நீங்கள்தான். கிணற்றோர வரிசையில், சணல் கயிற்றில் தொங்கியது. ஒரு பக்கம் முழுக்க மருந்து அடித்த நீலக்கறை, மறுபக்கம் வெயிலில் உரிந்திருந்தது. வீட்டில் சீயக்காய் போட்டுக்கூடக் கழுவினோம். கம்ப்யூட்டர் அதை வாங்கிக் கொஞ்சநேரம் உறுமிவிட்டு வெளியே துப்பியது.

"அவ்வளவுதான் மதினி. இனிமே அந்த ரெண்டாவது சிடிக்கு வேலை இல்ல."

"அதப் போட்டுத்தான் பாரேன்."

"ஓடாது."

"ஓடலன்னா எடுத்துருவோம். என்ன கொறஞ்சுறப் போகுது?"

"எனக்குத் தெரியும் மதினி. பேசாம இருங்க."

நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் நீங்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் என் சொல்லுக்கு மேல் ஒரு சொல் இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சிடியை உங்கள் புடவைப் பெட்டியில் வைக்காமல் ஸ்டுடியோ அலமாரியிலேயே வைத்தீர்கள். எப்போதாவது அதை எடுத்து அட்டையைப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்த சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. அண்ணன் ஃபிலிம் கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டான், இப்போது எல்லாம் டிஜிட்டல். அவனுக்கு மறுபடி பெண் பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். அய்யா காபி கொடுத்து அனுப்பிவிட்டார். லோயர் கேம்ப்பில் தண்ணீர் விழுந்து கரண்ட் வருகிறது, அந்தக் கரண்ட் நம்மைத் தாண்டி எங்கெங்கோ போகிறது, கம்பத்தில் தினமும் சொல்லிவைத்தாற்போல நின்றுவிடுகிறது. அதிலும் நம்முடைய இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில்தான் நிறுத்துகிறார்கள். நீங்கள் இருந்தால் நிச்சயமாக மனு எழுதியிருப்பீர்கள்.

போன மாதம் அய்யா வந்து நின்றார்.

"ஆத்தா, பழைய தட்டு இருந்தா எடுத்து வையி. கிளி மறுபடி எறங்கிருச்சு."

அந்தத் தடவை பட்டதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தச் சிடியையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் தோட்டத்துக்குத் தருவதில்லை. யாருடைய கல்யாணம் அதில் இருக்கிறதோ, யார் கண்டது? அலமாரியைக் காலி செய்து ஒவ்வொன்றாகப் போட்டேன், எடுத்தேன், பெட்டியில் எறிந்தேன். கையில் எடுத்தது எது என்று பார்க்காமலே போட்டேன். திடீரென்று அந்தப் பாட்டு வந்தது. முதல் ஆட்டத்தின் அதே பாட்டு. திரும்பிப் பார்த்தால் திரையில் அவள் விளக்கோடு நிற்கிறாள். கீழே, ஏற்றட்டுமா வேண்டாமா என்று கேட்கிறது.

ஆம் என்று தட்டினேன். பத்து நிமிஷம் ஏற்றிக்கொண்டது. முதல் சிடியைப் போடு என்று எந்த இடத்திலாவது கேட்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கும், கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். கேட்கவில்லை. அட்டையை எடுத்துக் கடைசி வரியைப் படித்தேன். இதை ஆட முதல் ஆட்டம் தேவையில்லை, இது தனியாகவே ஓடும் என்று இருந்தது. ஒரே ஒரு வரி, மதினி. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் படித்திருக்கலாம்.

கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். தலைவலி என்று சொன்னேன். ஒரு வாரம் அந்த மேசைக்குப் போகாமல் வேலையெல்லாம் அண்ணனிடம் தள்ளினேன். ஏழாம் நாள் அவனே வந்து கேட்டதும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அவ எந்தப் பக்கம் ஒக்காருவா?" என்று மட்டும் கேட்டான். காட்டினேன். வலது கோடி ஸ்டூலில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தான். "நட" என்றான்.

நடந்தேன். அவன் வானத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். கேமராவில் அத்தனை கல்யாணத்தைச் சாயாமல் பிடிக்கிறவன், வாசப்புள்ளையை ஒரே சுவரில் நாலு தடவை முட்ட வைத்தான். "இத எப்படித்தான் வெளயாண்டீகளோ" என்று சொல்லிவிட்டு எழுந்து முன்னறைக்குப் போனான். போகிறவன் திரும்பி வந்து ஸ்கேனரைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனான். இத்தனை வருஷம் அதை ஒரு விரற்கடை நகர்த்த விட்டதில்லை அவன்.

மேசையின் நடுவில் உட்கார்ந்து ஆடினேன். இடது கையில் கீபோர்டு, வலது கையில் மவுஸ். நடக்கத் தெரிந்தது, பார்க்கத் தெரியவில்லை. எதிரி பின்னால் வந்தாலும் நேராகவே நடந்துகொண்டிருப்பேன். நீங்கள் திருப்புவீர்கள் என்று கால் மட்டும் போகும். முதல் நாள் பதினோரு முறை செத்தேன். பரவாயில்லை, சொல்ல வந்தது அதில்லை.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஆட்டம் அதே வாசலில் தொடங்குகிறது. அண்ணன் உள்ளே போகிறான், அவள் "நான் இங்கேயே இருக்கிறேன்" என்கிறாள், கதவு மூடுகிறது. இப்போது ஆடுகிறவள் அவள். எதையும் அழுத்தாமல் விட்டால் அவள் நின்றுகொண்டே இருப்பாள். நான் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்புக்குறியைத் தொட்டேன். விளக்கை வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு, சுவரோரமாகக் கீழே இறங்கிப் போய்விட்டாள். முதல் நாளே, மதினி. அவன் உள்ளே போய்ப் பத்து எட்டு வைத்திருக்க மாட்டான்.

சாப்பிட்டாள். கோட்டைக்குக் கீழே ஒரு மடைப்பள்ளி வருகிறது. அங்கே சமைக்கிற கிழவர் ஒரு கிண்ணத்தில் கஞ்சி மாதிரி என்னவோ தருகிறார். அதைக் குடித்தால்தான் அடுத்த கதவுக்குப் பலம் வரும். அவளை இரண்டாவது கிண்ணமும் குடிக்க வைத்தேன். ஆட்டத்துக்கு அது தேவையில்லை.

அப்புறம் தரைக்குக் கீழேயே ஒரு சக்கரம். பெரியது. அதைச் சுற்றினால் மேலே ஏதோ கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. மேலே யாரோ சுவரைத் தட்டுவதும் கேட்கிறது. யாரென்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அது மேற்குக் கதவு. தட்டிக்கொண்டிருந்தது நம்ம கூடலூரான். நாம் திறந்ததாகச் சண்டை போட்டுக்கொண்ட மூன்று கதவுகளையும் கீழே இருந்து திறந்தவள் அவள்தான். உங்கள் கல்லும் இல்லை, என் இடமும் இல்லை. உங்களுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்!

கடைசியில் அவள் அதே வாசலுக்கு வருகிறாள். விளக்கை எடுக்கிறாள். அப்போது மேலே மணி அடிக்கிறது. கேட்கிறாள், லேசாகச் சிரிக்கிறாள். பிறகு ஊருக்குப் போகும் பாதையில் தன்பாட்டுக்கு இறங்கிப் போகிறாள். அவன் படகில் போனது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு ஒன்றும் குறையில்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

மதுரையில் நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த வாரம். மத்தியானம், வார்டில் மேலே ஃபேன் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், எனக்குத்தான். நீங்கள் கண்ணைத் திறந்து சொன்னீர்கள்.

"அந்தப் புள்ள அங்கன நிக்காது செல்வி. எத்தன நாளைக்கு நிக்கும்? வெளக்க எங்கனயாச்சும் மாட்டிட்டு, அது வேலையப் பாக்கப் போயிருக்கும்."

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. "இல்ல மதினி, அங்கனதான் நிக்கிது. நாமதான் பாத்தோமே" என்றேன். சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டேன்.  என்னைக் கொஞ்சநேரம் பார்த்தீர்கள், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

எனக்குத் தெரியும் என்று நான் உங்களிடம் அடித்துச் சொன்ன கடைசி விஷயம் அதுதான். அதுவும் தப்பு. ஆட்டத்தை ஆடாமலே, அட்டையை மட்டும் பார்த்தே உங்களுக்குத் தெரிந்திருந்தது. இல்லை, உங்களுக்குத் தெரியாது, எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னீர்களா? நீங்கள் போன பிறகு நான் வாசலிலேயே நின்றுவிடுவேன் என்று பயந்தா சொன்னீர்கள்? கேட்க வேண்டிய அன்றைக்குக் கேட்காமல் ஆரஞ்சு தின்றேன். இதற்கு நான் வெட்கப்படுகிறேன், மதினி. சிடியைப் போடாததைவிட இதற்குத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

நேற்றுப் படையல் முடிந்து இலையை எடுக்கும்போது அய்யா கேட்டார், "அந்த ரெண்டாவது தட்டப் போட்டுப் பாத்து முடிச்சிட்டியாமே, அதையும் கட்டிருவமா?" என்று. வேண்டாம் என்றேன். நம் முதல் சிடி இன்னும் கிணற்றோர வரிசையில்தான் தொங்குகிறது. கழுவிப் பார்த்தபின் அய்யா திரும்பக் கொண்டுபோய் அதே கம்பியில் கட்டிவிட்டார். கிளி அந்தப் பக்கம் வருவதில்லை என்கிறார். நல்ல தட்டுக்கும் பயப்படத்தான் செய்கிறது.

நீங்கள் சொன்னதுதான் சரி. அவள் அங்கே நிற்கவில்லை. விளக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். நான் என் கண்ணால் பார்த்தேன், என் கையால் நடத்திக் கூட்டிப் போனேன்.

இனி யாராவது என்னிடம் "போட்டுத்தான் பாரேன்" என்று சொன்னால், முதலில் போட்டுப் பார்ப்பேன். எனக்குத் தெரியும் என்று வாய் வரும். உங்களுக்குத்தான் என் வாய் தெரியுமே. ஆனாலும் அடக்குவேன். இது உங்கள் இலைக்கு நான் வைக்கிறது.

இப்போது நடக்கவும் பார்க்கவும் ஒன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிற,
உங்கள் நாத்தனார்
செல்வி